எப்போது ஓட வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

2025 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி இரவு பதினொன்றரை மணி வாக்கில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுத் திரை முடங்கியது. உலக இணையதளங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இந்த நிறுவனத்தின் சேவையைக் கடந்துதான் வாசகரை வந்தடைகிறது. அந்தத் தளங்களை நடத்துகிறவர்கள் அமைப்புகளை மாற்றவும் பாதுகாப்பு விதிகளைத் திருத்தவும் நுழைகிற இடம் அந்தக் கட்டுப்பாட்டுத் திரை. தளங்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஆளும் அறைதான் பூட்டிக்கிடந்தது. எல்லாம் சரியானபோது மணி நள்ளிரவு 12.42. அதே ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி உலகம் முழுக்கப் பல தளங்கள் விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். அது வேறு சம்பவம், அதன் காரணமும் வேறு.

செப்டம்பரில் வெளியிலிருந்து யாரும் தாக்கவில்லை. நிறுவனத்தின் சொந்தத் திரையே சொந்த சர்வரைத் தட்டித் தட்டி வீழ்த்தியது. ஒருமுறை மட்டும் போக வேண்டிய ஒரு கோரிக்கை, திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் மறுபடி போனது. நிரலில் இருந்த ஒரு சிறிய பட்டியலில், இருக்கக் கூடாத ஒன்று இருந்ததே அதற்குக் காரணம். நிறுவனம் இதை மறைக்கவில்லை. நேரக் குறிப்புகளோடு எழுதி வெளியிட்டது. அந்தத் துணிச்சலுக்கு நன்றி சொல்ல வேண்டும். பல நிறுவனங்கள் சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போகிற பிழை இது.

இந்தப் பிழையைப் புரிந்துகொள்ளத் திரைகள் எழுதப்படும் முறையிலிருந்து தொடங்க வேண்டும். இணையத் திரைகள் இப்போது பெரும்பாலும் முழுப் பக்கமாக எழுதப்படுவதில்லை. தேடல் பெட்டி ஒரு கூறு, விலைப்பட்டியல் ஒரு கூறு, பணம் செலுத்தும் பொத்தான் ஒரு கூறு என்று தனித்தனியாக எழுதிச் சேர்க்கிறார்கள். ஃபேஸ்புக் 2013-இல் பொதுவில் வெளியிட்ட ரியாக்ட் என்ற நிரல் நூலகம், இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியது. அதன் அடிப்படை எண்ணம் அழகானது. தரவைக் கொடுத்தால் திரை எப்படி இருக்க வேண்டும் என்று கூறு சொல்லும். தரவு மாறினால் மறுபடி சொல்லும். ஒரே தரவுக்கு எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான் வரும் என்பதால், எத்தனை முறை கேட்டாலும் கேடில்லை.

ஆனால் திரையை வரைவதோடு வேலை முடிவதில்லை. சர்வரிடம் தகவல் கேட்க வேண்டும். கடிகாரம் ஓட வேண்டும். அரட்டைக்கு இணைப்பு திறக்க வேண்டும். யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று கணக்கு அனுப்ப வேண்டும். இவையெல்லாம் கூறுக்கு வெளியே இருக்கும் எதையோ தொடுகிற வேலைகள். நிரலாளர்கள் பக்கவிளைவுகள் என்று சொல்வது இவற்றைத்தான். இவற்றை எத்தனை முறை செய்தாலும் ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. திரையை இருமுறை வரைந்தால் அதே திரை. பணத்தை இருமுறை எடுத்தால் வாடிக்கையாளருக்கு இரட்டைச் செலவு.

இந்த நிரல் என்ன செய்கிறது என்பதை எழுதியவர் பார்க்கிறார், சக ஊழியர் பார்க்கிறார், சோதனை செய்பவர் பார்க்கிறார். எப்போது செய்கிறது, எத்தனை முறை செய்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அது கருவியின் இயல்புநிலைக்கு விடப்படுகிறது. இந்த வழக்கம் மாற வேண்டும். ஒரு வேலை எந்த நொடியில், எதனால் தூண்டப்பட்டு ஓட வேண்டும் என்பது வடிவமைப்பு முடிவு. எழுதுகிறவர் தெரிந்தே எடுக்க வேண்டிய முடிவு.

ரியாக்டில் முதலில் இதற்கு மூன்று இடங்கள் இருந்தன: கூறு திரைக்கு வந்ததும், தரவு மாறியதும், கூறு திரையை விட்டுப் போகும்போதும். ஒரே வேலையின் தொடக்கமும் முடிவும் நிரலின் வெவ்வேறு மூலைகளில் கிடந்தன. இணைப்பைத் திறந்தவர் மூட மறப்பது வாடிக்கையாக இருந்தது. 2018 அக்டோபரில் ரியாக்ட் மாநாட்டில் ஹூக்ஸ் என்ற புதிய முறையை அறிமுகம் செய்தார்கள். 2019 பிப்ரவரியில் 16.8 பதிப்போடு அது அனைவருக்கும் வந்தது. அதில் பக்கவிளைவுகளுக்கான கதவு யூஸ் எஃபெக்ட். வேலையையும் அதை முடித்துவைக்கும் துப்புரவையும் ஒரே இடத்தில் எழுதலாம். பின்னால் ஒரு பட்டியலைக் கொடுத்தால், அதில் உள்ளவை மாறும்போது மட்டும் வேலை மறுபடி ஓடும்.

அந்தப் பட்டியலில்தான் வினையே இருக்கிறது. பட்டியலே கொடுக்காவிட்டால், கூறு வரையப்படும் ஒவ்வொரு முறையும் வேலை ஓடும். வெறும் சதுர அடைப்புக்குறி இரண்டை மட்டும் போட்டால், கூறு திரைக்கு வரும்போது ஓடும். உள்ளே பெயர்கள் இருந்தால், அவை மாறும்போதெல்லாம் ஓடும். முற்றிலும் வெவ்வேறான மூன்று நடத்தைகளைப் பிரிப்பது கண்ணில் படாத இரண்டு குறிகள். இப்படியொரு வடிவத்தைக் கொடுத்துவிட்டு, பிழை வந்தால் எழுதியவர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்வது நியாயமில்லை.

பட்டியலில் உள்ளது மாறியதா என்று ரியாக்ட் எப்படி முடிவு செய்கிறது? எண்ணோ, எழுத்துகளோ என்றால் சிக்கல் இல்லை. ஐந்தும் ஐந்தும் ஒன்றுதான். பல தகவல்களைச் சேர்த்துக் கட்டிய ஆப்ஜெக்ட் என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று ரியாக்டின் அடிப்படை மொழியான ஜாவாஸ்கிரிப்ட் பார்ப்பதில்லை. அதே ஆப்ஜெக்ட்தானா என்று மட்டும் பார்க்கிறது. ஒரே முகவரியை இரண்டு தாள்களில் எழுதினால் எழுத்து ஒன்று, தாள் வேறு. ஜாவாஸ்கிரிப்ட் தாளைத்தான் பார்க்கிறது. ஒரு கூறுக்குள் கட்டப்படும் ஆப்ஜெக்ட், கூறு வரையப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது. அதைப் பட்டியலில் போட்டால், உள்ளடக்கம் ஓர் எழுத்துகூட மாறாவிட்டாலும் ரியாக்ட் அதைப் புதியது என்றே எடுத்துக்கொள்ளும். வேலை ஓடும். அந்த வேலையின் முடிவு திரையின் நிலையை மாற்றினால் கூறு மறுபடி வரையப்படும், ஆப்ஜெக்ட் மறுபடி பிறக்கும், வேலை மறுபடி ஓடும்.

கிளவுட்ஃபிளேரில் நடந்தது இதுதான். பிழையுள்ள திரை வெளியானது இந்திய நேரம் இரவு 10.02-க்கு. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வெளியே எந்தப் பாதிப்பும் தெரியவில்லை. தேவையில்லாத கோரிக்கைகளைத் தாங்கிக்கொண்டு சர்வர் ஓடியது. 11.20-க்கு அந்த சர்வரிலேயே வேறொரு புதிய பதிப்பு ஏற்றப்பட்டது. இரண்டும் சேர்ந்ததும் ஏழு நிமிடங்களில் சரிந்தது. சரிந்தது சாதாரண சேவை அல்ல: கோரிக்கை அனுப்புகிறவருக்கு அதற்கான அனுமதி இருக்கிறதா என்று சரிபார்க்கும் வேலையில் அதற்கும் பங்கு உண்டு. அது பதில் சொல்லாததால் மற்ற வேலைகளும் பிழை காட்டின. கூடுதல் வளம் கொடுத்துப் பார்த்தார்கள். சரிசெய்ய ஏற்றிய ஒரு திருத்தமே நிலைமையை மோசமாக்க, அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சேவை எழுந்து நிற்கும்போதெல்லாம், காத்திருந்த திரைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் மறுபடி உள்நுழைய முயன்று அதை மறுபடி அமுக்கின.

இதில் கவனிக்க வேண்டியது அந்த ஒன்றரை மணி நேரம். திரையில் வந்த தகவல் சரியாகவே இருந்தது. பதிலை மட்டும் பார்க்கும் எந்தச் சோதனையும் சிவப்பு விளக்கு காட்டியிருக்காது. பத்து முறை கேட்டாலும் பதில் அதே பதில் என்பதால், பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும். நேரம் தப்பிய பக்கவிளைவு பிழைபோலத் தெரிவதே இல்லை. அதனால்தான் அதைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் நேரம் தவறுவது இன்னொரு வகை. பேருந்து டிக்கெட் தேடும் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். பயணி 'திருச்சி' என்று தேர்ந்தெடுக்கிறார். தளம் சர்வரிடம் திருச்சிப் பேருந்துகளைக் கேட்கிறது. உடனே மனம் மாறி 'திருநெல்வேலி' என்று மாற்றுகிறார். இரண்டாவது கோரிக்கை போகிறது. இணையத்தில் முதலில் போனது முதலில் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திருநெல்வேலிக்கான பதில் முந்தி வருகிறது, திரை சரியாகக் காட்டுகிறது. அரை நொடி கழித்துத் திருச்சிக்கான பதில் வந்து, பட்டியல் மேல் உட்கார்ந்துகொள்கிறது. தலைப்பில் திருநெல்வேலி, கீழே திருச்சி வண்டிகள். அவசரத்தில் இருப்பவர் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கீழே முதல் வண்டியைத் தட்டிப் பணம் கட்டிவிட வாய்ப்பு உண்டு.

அலுவலகத்தின் வேகமான இணைப்பில் இது அரிதாகவே நடக்கும். மலைப்பாதையில் ஓடும் பேருந்திலும், சிக்னல் வந்து வந்து போகும் கிராமத்திலும் எளிதாக நடக்கும். தீர்வு கடினமானதல்ல. ஊர் மாறியதும், பழைய கோரிக்கையின் பதில் வந்தாலும் ஏற்காதே என்று துப்புரவுப் பகுதியில் இரண்டு வரி எழுத வேண்டும். பழைய கோரிக்கையையே ரத்து செய்யும் வசதியும் பிரவுசர்களில் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வரியை எழுத வேண்டுமென்றால், இந்த வேலை எப்போது தொடங்கும் என்பதோடு எப்போது செல்லாததாகிவிடும் என்றும் கேட்டிருக்க வேண்டும்.

துப்புரவை மறந்த கடிகாரங்களும் இப்படித்தான். ஐந்து நொடிக்கு ஒருமுறை விலையைப் புதுப்பிக்கும் கூறு, திரையை விட்டுப் போன பிறகும் பின்னணியில் கேட்டுக்கொண்டே இருக்கும். அதே பக்கத்துக்கு நாலு முறை போய்வந்தால் நாலு கடிகாரங்கள். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி என்று எண்ணிச் செலவழிக்கிறவரின் டேட்டாவும் பேட்டரியும் போகிற வழிகளில் இதுவும் ஒன்று. அவருக்குக் காரணம் தெரியவே தெரியாது.

எல்லாவற்றையும்விட அடியில் இருக்கும் குழப்பம் ஒன்று உண்டு. ஒரு வேலை எதையெல்லாம் படிக்கிறது என்பதும், எது மாறினால் அது மறுபடி ஓட வேண்டும் என்பதும் ஒரே கேள்வி அல்ல. யூஸ் எஃபெக்டின் பட்டியல் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது. நேரலை கிரிக்கெட் ஸ்கோர் காட்டும் கூறு ஒன்று. போட்டி மாறினால் பழைய இணைப்பை மூடிப் புதியதைத் திறக்க வேண்டும். விக்கெட் விழும்போது மணி ஒலிக்க வேண்டுமா என்று பார்வையாளர் ஓர் அமைப்பு வைத்திருக்கிறார். வேலை அதையும் படிக்கிறது. படிப்பதையெல்லாம் பட்டியலில் சேர் என்கிறது விதிகளைச் சரிபார்க்கும் கருவி. சேர்த்தால், ஒலியை நிறுத்தியதற்காக நேரலை இணைப்பு அறுந்து மறுபடி இணைகிறது. சேர்க்காவிட்டால், ஒலியை நிறுத்திய பிறகும் பழைய மதிப்பையே நம்பி மணி அடிக்கிறது.

எச்சரிக்கையை வாயடைத்துவிட்டு நகர்வதே இதற்குப் பலரும் கண்ட வழி. ரியாக்ட் குழுவுக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. 2022-இலேயே ஒரு தீர்வை முன்வைத்தார்கள்; பல மாற்றங்களுக்குப் பிறகு, யூஸ் எஃபெக்ட் ஈவென்ட் என்ற பெயரில் அது நிலையான வடிவம் பெற்றது 2025 அக்டோபரில் வந்த 19.2 பதிப்பில்தான். படிப்பதைத் தூண்டுவதிலிருந்து பிரித்துவைக்கும் கருவி அது. 2019-இல் திறந்த கதவுக்கு ஆறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத் தாழ்ப்பாள் வந்திருக்கிறது. இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது, உலகம் முழுக்க நம்பி எழுதியவர்களுக்குச் செய்த நியாயம் ஆகாது.

கருவி மட்டும் எல்லாவற்றையும் தீர்க்கவும் முடியாது. வேலை நடக்கக் காரணம் பயனர் செய்த செயலா, திரை கண்ணில் பட்டதா என்ற கேள்விக்கு எழுதுகிறவர்தான் பதில் சொல்ல முடியும். 'வாங்கு' பொத்தானைத் தட்டியதால் பணம் போக வேண்டும். பணம் செலுத்தும் பக்கம் திரைக்கு வந்ததால் போகக் கூடாது. ஒருவர் பின்னோக்கிப் போய் மறுபடி அதே பக்கத்துக்கு வந்தால், பக்கம் இன்னொரு முறை திரைக்கு வருகிறது. அவர் இன்னொரு முறை வாங்கச் சொல்லவில்லை. 2023-இல் புதிதாக எழுதப்பட்ட ரியாக்ட் ஆவணங்களில், எஃபெக்ட் தேவைப்படாத இடங்களுக்கென்றே ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. கருவியைச் செய்தவர்களே அதைக் குறைவாகப் பயன்படுத்தச் சொல்லி எழுத நேர்ந்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ரியாக்டைப் போன்ற இன்னொரு கருவியான ஸ்வெல்ட்டின் ஐந்தாம் பதிப்பும் தன் எஃபெக்டைப் பற்றி ஏறத்தாழ அதே எச்சரிக்கையைத் தருகிறது.

பணம் சார்ந்த இடங்களில் இன்னொரு காவலும் வேண்டும். ஒவ்வொரு கட்டணக் கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண்ணோடு இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய பதிலையே தர வேண்டும். ஸ்ட்ரைப் போன்ற கட்டண நிறுவனங்கள் இந்த வசதியை எப்போதோ செய்துவைத்திருக்கின்றன. இதைப் பயன்படுத்தாமல் பொத்தானைச் சாம்பல் நிறமாக்கி, 'தயவுசெய்து பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டாம்' என்று எழுதிவைப்பது, தன் கடமையை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது.

2022 மார்ச்சில் ரியாக்ட் 18 வந்தபோது நிரலாளர்களிடையே பெரும் எரிச்சல் எழுந்தது. ஸ்ட்ரிக்ட் மோட் என்ற சோதனை முறை இருந்தால், நிரல் எழுதும் கணினியில் மட்டும், ஒவ்வொரு கூறையும் திரைக்குக் கொண்டுவந்து, எடுத்து, மறுபடி கொண்டுவந்து காட்டியது ரியாக்ட். கோரிக்கைகள் இரண்டிரண்டாகப் போயின. எழுதியது கெட்டுவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். முதல் முறை ஓடியதா என்று குறித்துவைத்து இரண்டாம் முறையைத் தடுக்கும் குறுக்குவழி வேகமாகப் பரவியது. ஸ்ட்ரிக்ட் மோடையே நீக்கியவர்களும் உண்டு. அந்தச் சோதனை சரியானது. துப்புரவு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் இரண்டு முறை வந்துபோவது எந்தப் பாதிப்பையும் ஏற்படுத்தாது. பாதிப்பு தெரிகிறது என்றால், பயனர் பின்னோக்கிப் போய்த் திரும்பும்போது அதே பாதிப்பு அவருக்கும் வரும். எச்சரிக்கை மணியின் கம்பியை அறுத்தவர்கள் நோயை வாடிக்கையாளரிடம் அனுப்பிவைத்தார்கள்.

தகவல் கேட்கும் வேலையைத் தனி நூலகங்களிடம் விட்டுவிடலாம் என்பது நல்ல யோசனைதான். டான்ஸ்டாக் குவெரி, எஸ்டபிள்யூஆர் போன்றவை ஒரே தகவலை இருவர் கேட்டால் ஒரு கோரிக்கையாகச் சேர்க்கின்றன, பழைய பதில்களை ஒதுக்குகின்றன. ஆனால் அவற்றுக்கும் இயல்புநிலைகள் உண்டு. வேறு டேபுக்குப் போய்த் திரும்பினால் டான்ஸ்டாக் குவெரி தகவலை மறுபடி கேட்கும். கோரிக்கை தோற்றால் தானாகவே மூன்று முறை முயலும். இவை நல்ல இயல்புநிலைகளே. தெரியாமல் ஏற்றுக்கொண்டால், தடுமாறிக்கொண்டிருக்கும் சர்வர் மீது நாலு மடங்கு சுமை விழும். கிளவுட்ஃபிளேரும் தன் பாடங்களில் இதைச் சேர்த்துக்கொண்டது: மறுமுயற்சிகள் ஒரே நொடியில் குவியாதபடி இடையில் சீரற்ற தாமதம் வைப்பது, வந்தது புதிய கோரிக்கையா மறுமுயற்சியா என்று சர்வருக்குத் தெரியும்படி செய்வது. ஆப்ஜெக்ட்கள் வீணாகப் புதிதாகப் பிறப்பதைக் குறைக்கும் ரியாக்ட் கம்பைலரின் முதல் நிலையான பதிப்பும் செப்டம்பர் சம்பவத்துக்கு அடுத்த மாதம் வந்தது. வரவேற்க வேண்டியதே. எது மாறினால் எது ஓட வேண்டும் என்ற நோக்கத்தை மட்டும் எந்தக் கம்பைலராலும் ஊகிக்க முடியாது.

சென்னையிலும் கோவையிலும் உலகச் சந்தைக்கான மென்பொருள் எழுதுகிற ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு இது அன்றாட வேலை. அவர்கள் நேர்காணலில் சந்திக்கும் கேள்விகளில் ஒன்று, 'யூஸ் எஃபெக்டில் காலி அர்ரே (வெறும் பட்டியல்) கொடுத்தால் என்ன ஆகும்?' பயிற்சி மையங்களில் மனப்பாடமாகும் பதில், 'ஒருமுறை மட்டும் ஓடும்.' அந்தப் பதில் அரைகுறையானது. கூறு திரைக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஓடும்; போய் மறுபடி வந்தால் மறுபடி ஓடும். கேட்பவரும் சொல்பவரும் இந்த அரைகுறையை ஏற்றுக்கொண்டு வேலைக்குள் நுழைகிறார்கள். திருச்சி, திருநெல்வேலி பக்கத்தைப் போன்ற ஒன்றைக் கையில் கொடுத்து, இது எங்கே உடையும் என்று கேட்கும் நேர்காணல்கள் வேண்டும்.

பழகுவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பெரும்பாலான கணினிகளில் குரோமைத் திறந்து எஃப்12 விசையைத் தட்டினால், நெட்வொர்க் என்ற பலகையில் பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் வரிசையாக விழும். அங்கேயே இணைப்பின் வேகத்தைக் குறைத்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. புதிதாக எஃபெக்ட் ஒன்று எழுதி அனுப்புகிறவர், பக்கத்தைத் திறந்தபோது எத்தனை கோரிக்கைகள் போயின, பின்னோக்கிப் போய்த் திரும்பியபோது எத்தனை போயின, வேகம் குறைந்தபோது பதில்கள் எந்த வரிசையில் வந்தன என்று மூன்று வரி எழுதிச் சேர்க்க வேண்டும். சரிபார்க்கும் மூத்தவர், அந்த மூன்று வரி இல்லாத நிரலைத் திருப்பி அனுப்ப வேண்டும்.